படத்தை அழி, அப்பைக் காப்பாற்று

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கண்டால் முன்பெல்லாம் "என்னகா, சுகமா?" என்றுதான் தொடங்குவார்கள். இப்போது சுகம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. "போன் ஸ்டக்காகுது மனே, ஒருக்கா என்னண்டு பாரு" என்பதுதான் முதல் வார்த்தை. கொழும்பில் வேலை பார்த்தவன், கண்ணாடி போட்டவன் என்ற இரண்டு தகுதிகளை வைத்தே பனிச்சங்கேணியில் என்னைப் போன் வைத்தியனாக்கிவிட்டார்கள். கட்டணம் பெரும்பாலும் களப்பு நண்டு. தொழிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த வைத்தியத்துக்கு ஒரு காலத்தில் இங்கே நோயாளியே இல்லை. அது சண்டைக் காலம். எங்கள் வாகரைப் பக்கம் முழுவதும் போனே இல்லை. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி என்று வரைபடத்தில் ஒரு கோடு இருந்தது. வீதி இருந்தது என்று சொல்ல முடியாது. மாங்கேணியில் இராணுவ முகாம். அதற்கு அப்பால் வேறொரு ஆட்சி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு கதைக்க வேண்டுமென்றால் விடியற்காலையில் வெளிக்கிட்டு, வழியில் பையைக் கொட்டிக் காட்டி, வாழைச்சேனைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே கொமினிகேஷன் என்று கடைகள் இருந்தன. பலகையால் அடைத்த சின்னக் கூண்டு, உள்ளே ஒரு போன், வெளியே மேசையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளி. நிமிடத்துக்குக் காசு.

அதனால் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போவோம். தம்பிக்குச் சரியாகிவிட்டது, கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும், மாமி கோபமாக இருக்கிறாள், காசு அனுப்பினால் நல்லது. கூண்டுக்குள் போனதும் என் பெரியம்மா அந்தத் துண்டைத் தூர வைத்துவிட்டு "சாப்பிட்டியா மனே?" என்று கேட்டு அழத் தொடங்குவாள். முதலாளி மணிக்கூட்டை நிறுத்த மாட்டார். துண்டில் இருந்தது எதுவும் கதைக்கப்படாமலே வீடு திரும்பும். ஆனால் கோல் நன்றாக இருந்தது என்றுதான் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லுவாள்.

கோலுக்கு வழி இல்லாத மாதங்களில் கெசட். சவூதிக்குப் போனவர்கள் கொண்டுவந்த ரேடியோவில் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் கையில் கொடுத்து விடுவோம். ஒரு பக்கம் அரை மணித்தியாலம். புதுக் கெசட் வாங்கக் காசு இல்லாவிட்டால் பழைய பாட்டுக் கெசட்டை எடுத்து, மேலே இருக்கும் இரண்டு ஓட்டைகளிலும் கடதாசியைச் செருகினால் பதியும். அப்படிப் பதிந்த ஒன்றில், பெத்தா பேரனுக்குப் புத்தி சொல்லி முடித்த கையோடு, டி.எம். சௌந்தரராஜன் பாதிப் பாட்டிலிருந்து எழும்புவார். இடம் நிறைந்தால் ஒன்றின் மேல்தான் மற்றொன்றைப் பதிய வேண்டும். பெத்தாவின் குரலுக்கு மேலே பிறகு யார் பதிந்தார்கள் என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

பிறகு நொக்கியா வந்தது. 2003இல் வெளியான 1100ஐ, அந்தத் தலையில் டோச் லைட் உள்ளதை, மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. சிக்னல் பிடிக்கிற இடம் தேடிப் பாலத்தில் ஏறி நின்று கதைப்போம். ஒரு மிஸ்கோல் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு என்றால் திருப்பி எடு. மொழி அவ்வளவுதான், இலக்கணம் போதுமாக இருந்தது. இன்பொக்ஸ் நிறைந்தால் பழைய எஸ்எம்எஸ்ஸில் நாலைந்தை அழிப்போம். மெதுவாகிறது என்று அந்தப் போனை யாரும் வைத்தியரிடம் கொண்டுபோனதில்லை. கிணற்றடியில் விழுந்தது என்று கொண்டுபோனார்கள். வெயிலில் காய வைத்ததும் அது பேசியது.

இப்போது பெரியம்மாவின் கையில் இருப்பது கட்டாரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய அண்ட்ரொயிட். நினைவகம் இரண்டு ஜீபீ, சேமிப்பிடம் 32 ஜீபீ. அதை அவள் முன்வாசலில் வைத்து என்னிடம் நீட்டியபோது, தொட்டால் யோசித்து, யோசித்துவிட்டு வேறொன்றைத் திறந்தது. உள்ளே பார்த்தேன். அதில் இருந்தது இலங்கையின் அண்மைக்கால வரலாறு.

எங்கள் போன்களை மேலிருந்து கீழே தோண்டிக்கொண்டு போகலாம். மேல் அடுக்கு 2022. மின்வெட்டு நேர அட்டவணை சொல்லும் அப், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருண்டுகிடந்த காலத்தில் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அந்தக் கியூஆரை வாசிக்கவென்று ஒரு ஸ்கேனர். கியூஆரைக் காட்டத்தான் வேண்டும், வாசிக்கிற வேலை பெற்றோல் செட்காரனுடையது என்று யாரும் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளும் அவளுடையதில்லை.

அதற்குக் கீழே 2020. கொரோனாவில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது பேத்திக்காகப் போட்ட சூம், வீட்டுப்பாடத் தாளைப் படமெடுக்கும் அப், அந்தப் படத்தைப் பீடீஎஃப் ஆக்கும் வேறோர் அப். பேத்தி சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டாள். அப்கள் இன்னும் வகுப்பில்தான் இருக்கின்றன.

அதற்கும் கீழே போனால் வீபீஎன்கள். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் வந்தபோது அரசு சமூக ஊடகங்களை மறித்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் மறித்தது. 2022 ஏப்ரலில், ஊரடங்கு போட்ட கையோடு, இன்னொரு தடவை. ஒவ்வொரு தடைக்கும் ஊரில் ஒரு பொடியன் ஒரு வீபீஎன்னை இறக்கி வீடு வீடாகப் போட்டுக் கொடுத்தான். தடை நீங்கியது, வீபீஎன் நீங்கவில்லை. இலவசமாக வந்த அது பின்னால் ஓடிக்கொண்டு, பற்றரியைத் தின்றுகொண்டு, இடைக்கிடை விளம்பரம் காட்டிக்கொண்டு, பெரியம்மாவின் கீரிமீன் விலை விசாரிப்புகளை வேறொரு நாட்டுச் சேவையகம் வழியாகச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

அடிப்பாறை, போன் வரும்போதே ஒட்டிக்கொண்டு வந்தவை. கம்பனி போட்ட பிரவுசர், கம்பனி போட்ட கடை, கம்பனி போட்ட குதிரை விளையாட்டு. இவற்றோடு மூன்று டோச் அப். போனிலேயே டோச் இருக்கிறது. நொக்கியாவிலும் இருந்தது. டோச்சை இலவசமாகக் கொடுப்பதற்குப் பதிலாக அவற்றில் ஒன்று தொடர்பு எண்களைப் பார்க்கவும், இருக்குமிடம் அறியவும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. இருட்டில் வழி காட்டுகிறவனுக்கு நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும்தானே என்று பெரியம்மா அவனுக்காக வாதாடினாள்.

சரி, வெட்டுவோம் என்று தொடங்கினேன். இமோவில் விரலை வைத்தேன்.

"அது கட்டார். அதில கை வைக்காத."

வைபரில் வைத்தேன்.

"அது சுவிஸ்."

பொட்டிம் என்ற ஒன்றில் வைத்தேன். நான் கொழும்பிலும் கண்டிராத அப் அது.

"அது துபாய். மச்சிட மகள் அதிலதான் வாறவள்."

அமீரகத்தில் வட்ஸ்அப் எழுத்தைப் போக விடுவார்கள். கோலைப் போக விடுவதில்லை. அங்கே வேலை செய்கிறவள் அனுமதி பெற்ற அப்பில்தான் கதைக்க வேண்டும். சுவிஸில் இருக்கிறவர் வைபரோடு பழகிவிட்டவர், மாற மாட்டார். கட்டாரில் இருக்கிற மகனுக்கு, அறையில் ஆறுபேர் பங்கு போடும் மெதுவான இணையத்தில் இமோதான் படம் காட்டுகிறது. மெசெஞ்சர் உள்ளூர்ப் பேரப்பிள்ளைகள். வட்ஸ்அப் கிராம அலுவலர், கோயில் நிர்வாகம், மாதர் சங்கம், மீனவர் சங்கம். பெரியம்மாவுக்கு இவை அப்கள் இல்லை, நாடுகள். "அதை அழிச்சா மறுகா அவன் எப்படி வருவான்?" என்று அவள் கேட்டதற்கு, போன்களை வேகமாக்குவது பற்றி நான் வாசித்த எந்தக் குறிப்பிலும் பதில் இல்லை. தேவையற்ற அப்களை நீக்குங்கள் என்று எழுதுகிறவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள் போலும்.

ஆகவே நாடுகளை விட்டுவிட்டு வரலாற்றை அழிப்பது என்று முடிவாயிற்று.

போன் ஏன் மெதுவாகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெறுமனே படுத்துக் கிடக்கிற அப்பினால் போனின் வேகம் குறைவதில்லை. அது இடத்தைத்தான் பிடிக்கிறது. தொல்லை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தானாக எழும்பி வேலை செய்கிற அப்கள்: செய்தி வந்ததா, ஆள் எங்கே நிற்கிறாள், விளம்பரம் மாற்ற வேண்டுமா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவை. இரண்டு ஜீபீ நினைவகத்தில் இவர்கள் குந்திக்கொண்டால், பெரியம்மா திறக்கிற வட்ஸ்அப்புக்கு இடமில்லை. ஒன்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் மற்றது உள்ளே வர வேண்டும். மற்றது, சேமிப்பிடம் விளிம்புவரை நிறைவது. போனில் இருக்கும் ஃபிளாஷ் சேமிப்பில் பழையதற்கு மேல் அப்படியே எழுத ஏலாது. கெசட் மாதிரி இல்லை. ஒரு பகுதியை முழுதாகத் துடைத்த பிறகுதான் புதிதாக எழுத முடியும். வெற்றிடம் இருந்தால் அந்தத் துடைப்பு வேலை ஆறுதலாக நடக்கும். இல்லாவிட்டால் இருப்பதை அங்கும் இங்கும் நகர்த்தி, துடைத்து, எழுதி, ஒவ்வொரு சின்ன வேலைக்கும் போன் மூச்சு வாங்கும். கொஞ்ச இடமாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த இரண்டு நோய்க்கும் மருந்து என்று சொல்லிக்கொண்டு ஓர் அப் ஏற்கனவே பெரியம்மாவின் போனில் இருந்தது. பெயரிலேயே வேகம், சுத்தம், குளிர்ச்சி மூன்றும் இருந்தன. தொட்டால் ஒரு ரொக்கற் பறக்கும். "இத்தனை எம்பீ விடுவிக்கப்பட்டது" என்று அறிவிப்பு வரும். உடனே ஒரு விளம்பரம். அது நிறுத்திய அப்கள் ரொக்கற் மறையுமுன் மறுபடி எழும்பிவிடும். நினைவகத்தில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று அண்ட்ரொயிட் தானே தீர்மானித்துக்கொள்ளும். இடையில் இன்னொருவர் புகுந்து எல்லாரையும் துரத்தினால் அவர்களைத் திரும்ப எழுப்பப் பற்றரிதான் செலவாகும். 2020 பெப்ரவரியில் தொல்லை விளம்பரங்களுக்காக ஏறத்தாழ 600 அப்களைக் கூகுள் தன் கடையிலிருந்து தூக்கி எறிந்தது. க்ளீன் மாஸ்டரைச் செய்த சீட்டா மொபைல் கம்பனியின் அப்களும் அந்தக் குப்பையோடு போயின. குப்பை அள்ள வந்தவன்தான் வீட்டில் பெரிய குப்பை என்பது எங்களுக்குப் புதிய அனுபவமும் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறோம்.

வேலை தொடங்கியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை அப்களும் அசையாமல் இருக்க, போனின் படப் பெட்டி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. காலை வணக்கப் பூக்களும் முருகன் படங்களும் நிறைய. குடும்பப் படங்கள் இல்லை.

"படமெல்லாம் எங்க பெரியம்மா?"

"இடம் இல்லை இல்லை எண்டு காட்டிக்கொண்டே இருந்திச்சு. பொடியன்தான் எல்லாத்தையும் அழிச்சுத் தந்தான். மறுகாத்தான் போன் வேலை செய்யத் துவங்கினது."

இதைச் சொன்னவள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது அவளுடைய வீட்டில் கல்யாண அல்பம் ஒன்றும், பிள்ளைகளின் படங்கள் அடைத்த பிஸ்கட் டின் ஒன்றும் இருந்தன. திரும்பிப் போய்த் தேடியபோது வீட்டின் அத்திவாரம் இருந்தது. இரண்டு ஆண்டுக்குள் சண்டை வந்தது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைச் சனம் காட்டையும் களப்பையும் கடந்து மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களுக்குப் போனது. அப்போது ஆளுக்கு ஒரு பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, காணிப் பெர்மிட், கொஞ்சம் அரிசி. எது தேவை, எது தேவையில்லை என்று யோசிக்க எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பையைக் கட்டும் நேரம்தான். அந்தப் பரீட்சையில் எங்கள் சனம் யாரும் பிழைவிடவில்லை.

பிறகு 2007இல் திரும்பி வந்து குடியேறிய காலத்தில், சுவிஸிலிருந்து ஒரு கடித உறை வந்தது. கல்யாணப் படத்தில் ஒன்று, மூத்தவனுக்கு ஏடு தொடக்கிய படம் ஒன்று, பெத்தா பாக்கு இடித்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று. எண்பதுகளில் அங்கே போனவருக்குப் பெரியம்மா அனுப்பி வைத்தவை. ஊரில் இருந்த மூலப் படங்கள் போய்விட்டன. வெளியே அனுப்பிய பிரதிகள் தப்பிவிட்டன. இதை இன்று கிளவுட் பேக்கப் என்கிறார்கள், காசும் வாங்குகிறார்கள். அன்று முத்திரைச் செலவு மட்டும்.

கடலிலும் சண்டையிலும் படங்களைப் பறிகொடுத்து, கடல் தாண்டிப் போன மூன்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற இந்த வீட்டில்தான், கட்டார் மகன் விடுமுறையில் வந்தபோது எடுத்த படங்களையெல்லாம் குதிரை விளையாட்டுக்கு இடம் விடவென்று அழித்திருக்கிறார்கள். அன்று எங்களிடமிருந்து பறித்தது அலை. இன்று யாரும் பறிக்கவில்லை. "இடம் இல்லை" என்று ஒரு சின்ன அறிவிப்பு வந்தது, நாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டோம்.

இது பெரியம்மா வீட்டுக் கதை மட்டுமில்லை. நான் பார்த்த போன்களில் பெரும்பாலானவற்றில் நடப்பது இதுதான். இடம் நிறைந்தது என்றதும் விரல் நேராகப் படப் பெட்டிக்குத்தான் போகிறது. காரணம் உண்டு. படத்தை அழிக்க எல்லாருக்கும் தெரியும். அப்பை அழித்தால் போன் பழுதாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. அதோடு அப் என்பது கம்பனி போட்டது, படித்தவன் போட்டது. படம் நாங்கள் எடுத்ததுதானே என்று ஒரு தாழ்வு எண்ணமும் இருக்கிறது. நாங்கள் உண்டாக்கியது மலிவு, வந்து ஒட்டியது பெறுமதி.

களப்பில் வலை வைக்கிறவன் கரைக்கு வந்ததும் பாசியையும் சல்லியையும் தானே பொறுக்கி எறிவான், இறாலை எறிய மாட்டான். அந்த அறிவு கைபேசியைத் தூக்கியதும் எங்கே போய்விடுகிறது?

செய்ய வேண்டியது அதிகமில்லை. பிளே ஸ்டோரைத் திறந்து, மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால், அப்களையும் சாதனத்தையும் நிர்வகிக்கும் பகுதி வரும். அங்கே குறைவாகப் பயன்படுத்தியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். பல மாதமாகத் திறக்காதது எதுவோ அது போகட்டும். "நிறுவல் நீக்கு" என்பதைத் தொட்டால் போன் பழுதாகாது. போனோடு வந்த முக்கியமானவற்றை நீக்க அது விடவே மாட்டாது. அப்படி நீக்க விடாத விளையாட்டுகளுக்கும் கடைகளுக்கும் "முடக்கு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. முடக்கினால் அவை தானாக எழும்பாது. பழைய சின்னப் போன் என்றால் பேஸ்புக்குக்குப் பதிலாக 2015 முதல் கிடைக்கும் பேஸ்புக் லைட் போதும். வட்ஸ்அப்பில் வருகிற படங்கள் தானாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். முருகன் கோபிக்க மாட்டார். வட்ஸ்அப்புக்குள்ளேயே சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதியும் உண்டு. எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அது காட்டும். கோயில் நிர்வாகம்தான் முதலிடத்தில் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

இரண்டு எச்சரிக்கை. வட்ஸ்அப் போன்றவற்றைப் பேக்கப் எடுக்காமல் நீக்கினால் பழைய கதைகள் போய்விடும். வங்கி அப்பை நீக்கினால் திரும்பப் பதிவு செய்ய வேண்டிவரும். அவசரப்பட வேண்டாம். வீட்டில் மூத்தவர்களுடைய போனைத் துப்புரவாக்குகிறவர்கள், ஒவ்வொன்றையும் அழிக்கு முன் அது எந்த நாடு என்று ஒருதரம் கேளுங்கள்.

பெரியம்மாவின் போனில் வீபீஎன்கள், டோச் அப்கள், ஸ்கேனர், ரொக்கற், சூம், மின்வெட்டு எல்லாம் போயின. குதிரை முடக்கப்பட்டது. கட்டார், சுவிஸ், துபாய் மூன்றும் இருக்கின்றன. போன் இப்போது தொட்டதைத் திறக்கிறது. அழிந்த படங்களில் சிலவற்றைக் கட்டாரிலிருந்து மகன் இமோவில் திருப்பி அனுப்பினான். அவனுடைய போனில் பிரதி இருந்திருக்கிறது. வந்தவற்றில் நல்லதாக நாலைந்தை வாழைச்சேனையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் போன் மெதுவானால் புதுப் போனுக்குக் காசு தேட வேண்டாம். முதலில் படங்களை ஒரு மெமரி காட்டிலோ, கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜீபீயிலோ, தூரத்தில் இருக்கிற ஒரு சொந்தக்காரரிடமோ பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகு அப்களை மனம்போல வெட்டுங்கள். அப் போனால் பிளே ஸ்டோரில் மறுகா எடுக்கலாம். படம் போனால் எடுக்க ஏலாது.